எந்தப் புறொப்பெல்லர் என் வள்ளத்துக்கு? – எஞ்சின் கேள்வி பதில்

எண்ணெய் விலை ஏறிய பிறகு, எஞ்சின் பழுதைப் பற்றிக் கேட்கிறவர்களை விட எண்ணெய்ச் செலவைப் பற்றிக் கேட்கிறவர்கள்தான் கூட. இந்த முறை வந்த கடிதங்கள் அநேகமாக எல்லாம் புறொப்பெல்லரை, அதாவது எஞ்சின் காலின் அடியில் சுழன்று வள்ளத்தைத் தள்ளும் விசிறியைப் பற்றியவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் 19 அடி பைபர் வள்ளமும் 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சினும் இருக்கின்றன. எஞ்சினோடு வந்த புறொப்பெல்லரில் 11 1/8 x 13 என்று அடித்திருக்கிறது. 15 பிட்ச் போட்டால் ஓட்டமும் கூடும், சுற்றுக் குறைவதால் எண்ணெயும் மிச்சம் என்று என் கூட்டாளி சொல்கிறார். வலை, ஐஸ் பெட்டி, மூன்று பேர் என்று தொழிலுக்குப் போகிறோம். வாங்கலாமா? – வாசகர், நிலாவெளி

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. வெறும் வள்ளத்தில் ஒருவர் மட்டும் ஏறி ஓடிப் பார்த்தால் 15 பிட்ச் நன்றாகவே ஓடும். கூட்டாளி அப்படி ஓடித்தான் பார்த்திருப்பார். ஆனால் நீங்கள் வெறும் வள்ளத்தோடு தொழிலுக்குப் போவதில்லையே.

முதலில் அந்த இலக்கங்களைப் பார்ப்போம். முன்னால் இருப்பது விட்டம்: இதழ்களின் நுனி போடுகிற வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். பின்னால் இருப்பது பிட்ச்: தண்ணீரில் கொஞ்சமும் வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பது. சில கம்பனிகள் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும் போடுவார்கள். எந்த அளவுக் கியர்பெட்டிக்குப் பொருந்தும் என்பதை அது காட்டும். கடைக்குப் போகும்போது அதையும் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அச்சில் ஏறாத ஒன்றை வாங்கி வருவீர்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் எஞ்சினின் கியர் விகிதம் 2 என்று வைத்துக்கொள்வோம். கையேட்டில் சரியான இலக்கம் இருக்கும், அதைப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றினால் புறொப்பெல்லர் 2500 சுற்றுத்தான் சுற்றும். 13 பிட்ச் என்றால் நிமிடத்துக்கு 32,500 அங்குலம். மணிக்கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 26.7 கடல் மைல். ஆனால் உங்கள் வள்ளம் அப்படி ஓடாது. 20, 21தான் ஓடும். மிச்சம் வழுக்கலில் போகிறது. வழுக்கல் ஒரு பழுது அல்ல. கொஞ்சமும் வழுக்காத புறொப்பெல்லருக்குத் தள்ளும் பலமே இருக்காது. சுமை ஏற்றிய தொழில் வள்ளத்தில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து வழுக்கல் சாதாரணம்.

இனி 15 பிட்சைப் போடுங்கள். பிட்ச் ஒரு அங்குலம் கூடினால் முழு ஓட்டத்தில் 150இல் இருந்து 200 சுற்று வரை குறையும். இரண்டு அங்குலத்துக்கு 300, 400. அதாவது 5000 ஓடிய எஞ்சின் 4600க்கு இறங்கும். 2300 சுற்றை 15ஆல் பெருக்கினால் 34,500. தாளில் பார்க்க முன்னையதை விட நூற்றுக்கு ஆறு கூட. கூட்டாளி பார்த்தது இந்தக் கணக்கை. அவர் பார்க்காதது, 4600 சுற்றில் எஞ்சின் தன் முழு 40 குதிரைவலுவையும் தராது என்பதை. ஐஸும் நனைந்த வலையும் மீனும் ஏறிய பிறகு சுற்று இன்னும் விழும், 4200, 4100. வழுக்கல் கூடும். வள்ளம் நீரின் மேல் எழும்புவதற்கே தவிக்கும். பாரம் ஏற்றிய லொறியைப் பெரிய கியரில் போட்டு ஏற்றம் ஏற்றுகிற மாதிரி எஞ்சின் திணறும்.

சுற்றுக் குறைந்தால் எண்ணெய் குறையும் என்று நினைப்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைப்பிடியை முழுவதும் முறுக்கி வைத்திருக்கும்போது காபரேற்றர் எண்ணெயை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த எண்ணெய்க்கு உரிய ஓட்டம்தான் உங்களுக்குக் கிடைக்காது. அதைவிட எனக்குக் கவலை தருவது எஞ்சினின் ஆயுள். திணறி ஓடும் எஞ்சினில் சூடு கூடும், பிஸ்டன் தலையில் கரி ஏறும், வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் பெற்றோலை விடச் சீக்கிரம் சிலிண்டருக்குள் தானாகத் தீப்பிடித்துத் தட்டும் எண்ணெய் என்பதால் உங்கள் எஞ்சினுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. பிஸ்டன் ஓட்டையாகி என் கொட்டிலுக்கு வருகிற எஞ்சின்களில் புறொப்பெல்லரைக் கழற்றி இலக்கத்தைப் பார்ப்பேன். பிட்ச் கூடியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அப்படியானால் எது சரி? வேகத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், சுற்றைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். இந்த முழுப் பக்கத்திலும் ஒன்றை மட்டும் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் முழு ஓட்டத்தில் இத்தனையில் இருந்து இத்தனைக்குள் சுற்ற வேண்டும் என்று கம்பனி ஒரு அளவு கொடுத்திருக்கும். நம் கரையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு அது 4500–5500. போர் ஸ்ட்ரோக் என்றால் பெரும்பாலும் 5000–6000. உங்களுடையதைக் கையேட்டில் பாருங்கள். தொழிலுக்குப் போகும் அதே சுமையோடு, கைப்பிடியை முழுவதும் முறுக்கும்போது எஞ்சின் அந்த அளவின் மேல்பாதிக்குள் நிற்க வேண்டும். அப்படி நின்றால் உங்கள் புறொப்பெல்லர் சரி, மாற்ற எதுவும் இல்லை. மேல் எல்லையைத் தாண்டினால் பிட்ச் போதாது. கீழே நின்றால் பிட்ச் கூட.

சுற்றை அளக்க, பிளக் வயரில் சுற்றிக் கட்டுகிற சின்ன ஆர்.பி.எம். மீற்றர் போதும். எஞ்சின் கடைகளிலும் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளிலும் கேளுங்கள். எஞ்சினுக்கு ஏற்றபடி அதன் அமைப்பை மாற்றாவிட்டால் சுற்றை இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும். சும்மா நிறுத்தி ஓடவிடும்போது 1000க்குக் கிட்ட நிற்கிறதா என்று பார்த்தால் சரியா பிழையா என்று தெரிந்துவிடும். வேகத்துக்குக் கைத்தொலைபேசியில் இருக்கும் ஜி.பி.எஸ். நல்லது. காலையில், கச்சான் காற்று எழும்ப முன், கரைக்கு ஒப்ப ஒருமுறை வடக்கே ஓடுங்கள், அதே பாதையில் தெற்கே திரும்புங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நீரோட்டமும் காற்றும் கணக்கில் இருந்து விலகிவிடும். ஒரு திசை மட்டும் ஓடிவிட்டு 'இரண்டு மைல் கூடிவிட்டது' என்று சொல்வதை நான் எடுப்பதில்லை. அது நீரோட்டம் கொடுத்த வேகமாக இருக்கலாம்.

உங்கள் எஞ்சின் சுமையோடு 5000க்கு மேலே நின்றால் அந்த 13ஐயே வைத்திருங்கள். 4300, 4400 என்று நின்றால் 11 அல்லது 12க்கு இறங்குங்கள். நிலாவெளியில் நெத்தலி, சூடை என்று சுமை ஏற்றி வருகிறவர்களுக்கு 15 பிட்ச் பொருந்துவதை நான் காணவில்லை. தூண்டில் மட்டும் போட்டுக்கொண்டு இரண்டு பேர் அறக்குளா மீனுக்கு ஓடுகிற வள்ளம் என்றால் பேச்சு வேறு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எண்ணெய் மிச்சம்தான் உங்கள் நோக்கம் என்றால், புதுப் புறொப்பெல்லரை விடப் பெரிய மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது. 5000இல் ஓடும் எஞ்சினை 4000க்கு இறக்குங்கள். வேகம் ஐந்தில் ஒரு பங்கு அளவில் குறையும். மணிக்குச் செலவாகும் எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முழு ஓட்டத்தில் மணிக்கு 20 லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் வள்ளம் எழும்பி ஓடுகிற நிலையை விட்டு, பின்பக்கம் அமிழ்ந்து மூக்குத் தூக்குகிற அளவுக்கு இறக்காதீர்கள். அந்த நடு வேகத்தில்தான் எண்ணெய் ஆகக் கூடச் செலவாகும். ஒன்றில் எழும்பி ஓடுங்கள், இல்லாவிட்டால் முழுதாக மெதுவாகப் போங்கள்.

கேள்வி: 25 குதிரைவலு எஞ்சின். அலையில் திரும்பும்போதும் சட்டென்று வேகம் எடுக்கும்போதும் எஞ்சின் கத்துகிறது, வள்ளம் நகரமாட்டேன் என்கிறது. பிட்ச் கூடியது போட்டால் பிடிக்குமா, காக்கா? – வாசகர், கிண்ணியா

பதில்: காசைச் செலவழிக்க முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். இரண்டுக்கும் செலவு இல்லை.

முதலாவது, எஞ்சின் தொங்கும் உயரம். எஞ்சின் காலில், புறொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கிறதே, அது மேலே இருந்து காற்று இறங்காமல் தடுப்பதற்குத்தான். வள்ளத்தைக் கரையில் ஏற்றி, எஞ்சினை நேராக நிறுத்தி, வள்ளத்தின் அடியில் ஒரு நேரான பலகையைப் பிடித்துப் பின்னுக்கு நீட்டிப் பாருங்கள். தட்டு அந்தப் பலகையோடு சமமாகவோ ஒரு அங்குலம் வரை கீழேயோ இருக்க வேண்டும். மேலே நின்றால் திரும்பும்போது புறொப்பெல்லர் காற்றை இழுக்கும். காற்றில் அதற்குப் பிடி இல்லை, எஞ்சின் கத்தும். கட்டையான கால் எஞ்சின் 15 அங்குலப் பின்பலகைக்கு, நீளக் கால் 20 அங்குலத்துக்கு. பழைய வள்ளத்தில் பின்பலகையைப் புதுப்பிக்கும்போது வள்ளம் செய்யும் ஓடாவி இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால் போதும், இந்த வருத்தம் தொடங்கிவிடும். புறொப்பெல்லருக்கு நேர் முன்னால் வள்ளத்தின் அடியில் ஏதாவது கட்டையோ பைபர் ஒட்டோ துருத்திக்கொண்டிருந்தாலும் அதுவும் காற்றை இழுத்துக் கொடுக்கும். அதற்காக எஞ்சினை அளவுக்கு மேல் கீழே இறக்கிவிடாதீர்கள். கால் முழுவதும் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும், எண்ணெய் வீணாகும்.

இரண்டாவது, புறொப்பெல்லரின் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ். இதழ்கள் எதிலாவது அடிபட்டால் கியர் உடையாமல் காப்பதற்காக, உள் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் நடுவில் ரப்பரை இறுக்கி வைத்திருக்கிறார்கள். வயதானால், அல்லது ஒருமுறை பலமாக அடிபட்டால், அது பிடி விட்டுச் சுழலும். கண்ணுக்குத் தெரியாது. இதைச் செய்யுங்கள்: பின்பக்கமாக உள் குழாயில் இருந்து வெளிக் குழாய் வரைக்கும் நேராக ஒரு கோடு கீறுங்கள், அல்லது நகப்பூச்சால் இழுங்கள். பிறகு கடலில் நன்றாக வேகம் எடுத்து ஓடிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் போய்விட்டது. புஷ்ஷை மட்டும் மாற்றலாம், நல்ல அழுத்தும் இயந்திரம் இருக்கிற பட்டறையில். சுத்தியலால் அடித்து ஏற்றியது நிலைக்காது.

உங்கள் கடிதத்தில் 'திரும்பும்போது' என்று எழுதியிருப்பதால் உயரத்தைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். புஷ் என்றால் நேராக ஓடும்போதும் வழுக்கும். எதுவாக இருந்தாலும் பிட்சைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல.

கேள்வி: வள்ளம் என் கணவருடையது, கணக்குக் கொப்பி என்னுடையது. 2022க்குப் பிறகு மண்ணெண்ணெய்ச் செலவுதான் எங்களை விழுத்துகிறது. புறொப்பெல்லரை மாற்றினால் மிச்சம் வரும் என்று அவர் சொல்கிறார். மிச்சம் வந்ததா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, மூதூர்

பதில்: தங்கச்சி, இத்தனை கடிதங்களிலும் எனக்கு ஆகப் பிடித்த கேள்வி உங்களுடையது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. அந்தக் கிழமை கரையில் ஏறி நின்ற வள்ளங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகும் 'கொஞ்சம் மிச்சம் வருகிற மாதிரி இருக்கிறது' என்று மனக்கணக்கில் தொழில் செய்வது சரியில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் என்று எழுதினால் போதாது. ஒரு நாள் பக்கத்தில் வலை போட்டிருப்பார், மற்ற நாள் பவுல் பொயின்ட் முனைக்கு வெளியே போயிருப்பார். ஒரு கடல் மைலுக்கு எத்தனை லீற்றர் என்று எழுதுங்கள். ஜி.பி.எஸ். ஓடிய தூரத்தைக் காட்டும். எண்ணெய்க்கு, லீற்றர்க் கோடு போட்ட ஒரு கானை இதற்கென்று ஒதுக்குங்கள். போகும்போது எத்தனை, வரும்போது மிச்சம் எத்தனை என்று அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். பக்கத்திலேயே சுமையையும் குறியுங்கள்: எத்தனை பேர், எத்தனை பெட்டி ஐஸ், கரைக்கு வந்த மீன் ஏறக்குறைய எத்தனை கிலோ. பழைய புறொப்பெல்லரோடு சில கிழமை எழுதிய பிறகு புதியதை மாட்டச் சொல்லுங்கள், பிறகும் அதே மாதிரி எழுதுங்கள். எஞ்சினைத் தொடங்கவும் நிறுத்த முன்னும் ஓடவிடும் பெற்றோலைத் தனியாகப் போடுங்கள், அதைக் கலந்தால் கணக்குக் குழம்பும்.

ஒரு கணக்கை உதாரணத்துக்குப் போட்டுக் காட்டுகிறேன். முன்பு மைலுக்கு 0.9 லீற்றர், இப்போது 0.8 லீற்றர் என்று வந்தால், 24 மைல் ஓடும் ஒரு நாளைக்கு 2.4 லீற்றர் மிச்சம். லீற்றர் 200 ரூபா என்று வைத்தால் 480 ரூபா. புறொப்பெல்லர் 36,000 ரூபா என்றால் 75 நாள் தொழிலில் அதன் காசு திரும்பி வரும். 200க்கும் 36,000க்கும் பதிலாக அன்றைய எண்ணெய் விலையையும் கடைக்காரர் சொல்லும் விலையையும் போடுங்கள். வாடைக் காலத்தில் வள்ளம் கரையில் நிற்கும் மாதங்களையும் மறக்காதீர்கள்.

ஆனால் புதியதை வாங்க முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வள்ளத்தைக் கவிழ்த்து அடியைச் சுத்தமாகச் சுரண்டி, அணியத்தில் தேங்கும் தண்ணீரையும் தேவையில்லாமல் சுமந்து திரியும் பழைய கயிறு, ஈயக்கட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். அடியில் பாசியும் சிப்பியும் பிடித்த வள்ளத்துக்கு எந்தப் புறொப்பெல்லரும் உதவாது. கொட்டியாரக் குடாவில் கட்டிவைக்கிற வள்ளங்களில் அது சீக்கிரம் பிடித்துவிடும். மகாவலி கொண்டுவரும் மணல் கலங்கிய தண்ணீரில் கரைக்கு ஏறி இறங்கும்போது இதழ் நுனிகளும் தேய்ந்துபோகும். உங்கள் பழைய புறொப்பெல்லர் தேய்ந்ததுதானா என்று, அதே இலக்கத்துப் புதியதோடு வைத்து விட்டத்தை அளந்து பாருங்கள். அரை அங்குலம் குறைந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது வேறு பிட்ச் அல்ல, அதே இலக்கத்தில் புதியது ஒன்று.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளைப் புறாமலைத் தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் கொண்டுபோகிறோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புறொப்பெல்லர் போட்டால் வேகமும் எண்ணெயும் நல்லது என்கிறார்கள். விலையோ பல மடங்கு. போடலாமா? – வாசகர், உப்புவெளி

பதில்: இரண்டு ஓட்டத்துக்கும் இரண்டு பதில்.

ஸ்டெயின்லெஸ் அலுமினியத்தை விடப் பலமானது என்பதால் இதழை மெல்லியதாகச் செய்யலாம். பாரத்தில் வளையாது. ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும், அது உண்மை. வாடை ஓய்ந்து கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வெளிக்கடலுக்குத் திமிங்கிலம் பார்க்கப் போகிறவருக்கு அது பலன் தரும். நீண்ட ஓட்டம், அடியில் ஆழம், தட்டுப்பட ஒன்றும் இல்லை. திருகோணமலைக்கு முன்னால் கடலடி ஒரு பள்ளத்தாக்காக இறங்குகிறது, கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே அடி காணாத ஆழம்.

புறாமலை அப்படியல்ல. நிலாவெளிக் கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான் தூரம். அந்தத் தூரத்துக்குள் எவ்வளவு மிச்சம் பிடித்துவிட முடியும்? அங்கே சுற்றிவரப் பவளப்பாறை. அலுமினியம் பாறையில் தட்டினால் இதழ் வளையும் அல்லது உடையும். அடியை அது வாங்கிக்கொண்டு கியரைக் காப்பாற்றும். ஸ்டெயின்லெஸ் வளைந்து கொடுக்காது. அடி அச்சுக்கும் கியர்பெட்டிக்கும் போகும், திருத்தும் செலவு புறொப்பெல்லர் விலையைத் தாண்டும். அதனால் புறாமலைக்கு அலுமினியம், கூட இன்னொரு பழைய அலுமினியமும் வள்ளத்தில் இருக்கட்டும். அதோடு மேலதிக நட்டு, வாஷர், கொட்டர் பின், அதற்குரிய சாவி. மாற்றத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

புறாமலை 2003இல் இருந்து தேசியப் பூங்கா. ஒரு பாறையில் தட்டுவது எங்களுக்குப் புறொப்பெல்லர் நட்டம், ஆனால் அந்தப் பவளம் திரும்ப வளர எத்தனையோ வருடம் எடுக்கும். நீந்துகிறவர்கள் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சினை நியூற்றலில் வைத்தால் போதாது, நிறுத்துங்கள். சில எஞ்சின்களில் நியூற்றலிலும் புறொப்பெல்லர் மெல்ல இழுபட்டுச் சுழலும். பயணிகளை ஏற்றுகிற ஒவ்வொருவரிடமும் இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: முற்காலத்தில் ஒருவருடைய புறொப்பெல்லர் பாதியாக உடைந்துபோக, கப்பல் முன்னையதை விட வேகமாக ஓடியதாம். உண்மையா? அப்படியானால் என் 15 குதிரைவலு எஞ்சின் புறொப்பெல்லரின் இதழ் நுனிகளை அரத்தால் ராவிக் குறைத்தால் வேகம் கூடுமா? – வாசகர், குச்சவெளி

பதில்: கதை உண்மை. பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1837இல் இலண்டனில் ஒரு கால்வாயில் தன் சின்னப் படகை ஓட்டிப் பார்த்தார். அவருடைய புறொப்பெல்லர் மரத்தால் ஆனது, இரண்டு முழுச் சுற்று முறுக்கிய நீளமான திருகு. எதிலோ மோதிப் பாதி உடைந்து ஒரு சுற்று மட்டும் மிஞ்சியது, படகு வேகமாக ஓடத் தொடங்கியது. இதழ் நீளம் கூடக்கூட வேகம் கூடும் என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய பாடம். தேவைக்கு மேற்பட்ட மேற்பரப்பு தண்ணீரில் உராய்ந்து பலத்தைத் தின்றுகொண்டிருந்தது.

உங்கள் புறொப்பெல்லரில் அந்த மிச்சம் இல்லை. அதைச் செய்தவர்கள் இந்த எல்லாக் கணக்கையும் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். நுனியை ராவினால் விட்டம் குறையும், எஞ்சின் கூடச் சுற்றும், வள்ளம் கூட ஓடாது. மூன்று இதழையும் கையால் ஒரே அளவுக்கு ராவவும் முடியாது. ஒன்றுக்கு ஒன்று எடை மாறினால் அதிர்வு வரும், அதிர்வு அச்சின் பெயாரிங்குக்குப் போகும், தண்ணீரை அடைக்கும் சீல் வளையத்துக்குப் போகும்.

ராவ வேண்டிய ஒரு இடம் உண்டு. கல்லில் பட்டு விளிம்பில் வெட்டு விழுந்திருந்தால், அதை மெதுவாக மட்டும் சமப்படுத்துங்கள். சின்ன வெட்டை விட்டுவைத்தால் அதற்குப் பின்னால் தண்ணீரின் அழுத்தம் விழுந்து, நீராவிக் குமிழ்கள் உண்டாகி, இதழின் மேலேயே வெடிக்கும். அம்மைத் தழும்பு போல உலோகத்தை அரித்துவிடும். வளைந்த இதழைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தாதீர்கள். பிட்ச் மூன்று இதழுக்கும் மூன்று விதமாகிவிடும். இதழ் வடிவ அச்சு வைத்துச் சரிபார்க்கும் பட்டறைக்குக் கொடுங்கள்.

கேள்வி: நாலு இதழ்ப் புறொப்பெல்லர் மூன்று இதழை விட நல்லதா? – வாசகர், திருக்கடலூர்

பதில்: பாரத்தோடு மெதுவாக இழுக்க நல்லது. அலையில் பிடி விடாது, பின்பக்கத்தைத் தூக்கும், குறைந்த சுற்றிலும் வள்ளம் எழும்பியே ஓடும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். மூன்றில் இருந்து நாலுக்கு மாறும்போது பிட்சை ஒரு அங்குலம் குறைத்து வாங்குங்கள், பிறகு ஆர்.பி.எம். மீற்றரைக் கட்டிப் பாருங்கள். சூரை மீனுக்காக வெளிக்கடலுக்கு ஓடி மீனோடு திரும்புகிறவருக்கு இதைச் சொல்வேன். கரையோடு தூண்டில் போடுகிறவருக்கு அந்தக் காசு வேண்டாம்.

கேள்வி: கியர் எண்ணெயைக் கழற்றும்போது பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. புறொப்பெல்லர் மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது. மாற்றியதால் வந்த பிழையா? – வாசகர், இறக்கக்கண்டி

பதில்: அந்த நிறம் கியர்பெட்டிக்குள் தண்ணீர் புகுந்ததைக் காட்டுகிறது. இப்படியே ஓடாதீர்கள். பெயாரிங் துருப்பிடித்தால் முழுக் கியர்பெட்டியும் போய்விடும்.

புதுப் புறொப்பெல்லர் தண்ணீரை உள்ளே விடாது. அதைக் கழற்றி, அச்சைச் சுற்றித் தங்கூசி நூல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடலில் மிதக்கும் அறுந்த தங்கூசித் துண்டு புறொப்பெல்லருக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு, ஓட ஓடச் சூடேறி, அச்சில் இருக்கும் சீல் வளையத்தை வெட்டிவிடும். சிக்கியிருந்தால் வெட்டி எடுத்துவிட்டு அந்தச் சீல் வளையத்தை மாற்றுங்கள். சிக்கவில்லை என்றால் எண்ணெய் விடும் திருகுகளின் வாஷரைப் பாருங்கள், பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போடுவதாலும் தண்ணீர் இறங்கும். புதுச் சீல் போட்டு எண்ணெய் மாற்றிய பிறகு ஒரு நாள் தொழிலுக்குப் போய்வந்து, எஞ்சினை இரவு முழுவதும் நிமிர்த்தி நிறுத்திவிட்டு, காலையில் கீழ்த் திருகை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் எண்ணெய்க்கு முன் அதுதான் வெளியே வரும்.